தனுஷ்கோடிக்கு எட்டாத நிழல்

என் தங்கை மகன் ஏழாம் வகுப்பு மாணவன். கோடை விடுமுறைக்கு இராமநாதபுரத்திலுள்ள எங்கள் வீட்டிற்கு வந்திருந்தான். கையடக்கமான விளையாட்டுக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு அதிலேயே மூழ்கிக் கிடந்தான். அப்படி என்னதான் பார்க்கிறான் என்று அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். திரையில் வௌவாலைப் போன்ற பெரிய உருவம் ஒன்று பறந்துகொண்டிருந்தது. அதன் சிறகுகள் பிறைச் சந்திரனைப் போல் வளைந்திருந்தன.

"இதுதான் லூனாலா, மாமா. சந்திரனோட மிருகம். இது வெளிச்சத்தைத் தின்னுடும். நல்ல பகல் நேரத்தையும் ராத்திரியா ஆக்கிடும்" என்றான்.

'போக்கிமான்' என்பது 1996-ஆம் ஆண்டு ஜப்பானில் தோன்றிய விளையாட்டு. விந்தையான பிராணிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதுதான் அதில் வேலை. 2016-இல் சூரியன் பெயரில் ஒன்றும் சந்திரன் பெயரில் ஒன்றுமாக அதன் இரட்டைப் பதிப்புகள் வெளிவந்தன. சூரியனுக்குரிய பிராணி சிங்க வடிவம். சந்திரனுக்குரியது இந்த வௌவால் வடிவம். இவ்வளவையும் அவனிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அடுப்படியில் இருந்த என் தாயார், "வெளிச்சத்தை முழுங்குறதா? அதுக்கு நம்ம ஊருல ராகுன்னு பேருடா" என்றார். பையன் சற்று நேரம் யோசித்தான். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, ராகு சூரியனை முழுசா முழுங்குமா, இல்ல கொஞ்சம் மிச்சம் வைக்குமா?" என்று கேட்டான்.

மாணவர்களே, பையன் விளையாட்டாகக் கேட்டது நல்ல பௌதிகக் கேள்வி. அதற்கு அவனிடம் நான் சொன்ன விடையைச் சற்று விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன். விடை கிடைக்கும் இடம் வெகு தொலைவில் இல்லை. எங்கள் மாவட்டத்தின் கோடியில் உள்ள தனுஷ்கோடி மணல்திட்டிலேயே அதைக் கண்ணால் காணும் வாய்ப்பு ஒரு முறை வாய்த்தது.

பகலில் சூரியன் தேய்வதைக் கண்ட மனிதன், அதை ஏதோ ஒன்று தின்கிறது என்று எண்ணியதில் வியப்பில்லை. விளிம்பில் விழும் வளைவு, அப்பத்தைக் கடித்தது போலவே இருக்கிறதல்லவா? அந்த வாய் யாருடையது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு. வடஐரோப்பியர் ஓநாய் என்றனர். சீனர் வானத்து நாய் என்றனர். பிலிப்பைன்ஸ் தீவுகளில் அது பெரிய கடற்பாம்பு. நம் நாட்டில் அமுதத்தைத் திருட்டுத்தனமாக உண்டு தலை துண்டிக்கப்பட்ட அசுரன். தலை ராகு, உடல் கேது. நம் சங்கப் புலவர்களும் பாம்பு விழுங்கிய நிலவைப் பாடியிருக்கிறார்கள். விளையாட்டுக் கருவியில் பறக்கும் வௌவால் இந்தக் கூட்டத்தில் கடைசியாக வந்து சேர்ந்த உறுப்பினர், அவ்வளவுதான்.

ஆனால் ராகுவுக்கு மட்டும் ஒரு சிறப்பு உண்டு. ஓநாய்க்கும் நாய்க்கும் வானத்தில் முகவரி கிடையாது, ராகுவுக்கு உண்டு. சந்திரன் பூமியைச் சுற்றும் பாதையும், சூரியன் வானத்தில் ஓராண்டில் நகர்வதாகத் தோன்றும் பாதையும் ஒரே தளத்தில் இல்லை. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 5 பாகை சாய்வு இருக்கிறது. சாய்ந்த இரண்டு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அவை இரண்டு இடங்களில் ஒன்றையொன்று வெட்டும். அந்த வெட்டுப் புள்ளிகளைக் கணுக்கள் என்போம். சந்திரன் தெற்கிலிருந்து வடக்கே ஏறும் கணுதான் நம் வானநூலார் கண்ட ராகு; வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் கணு கேது.

5 பாகை என்பது சிறிய சாய்வாகத் தோன்றலாம். ஆனால் வானத்தில் சந்திரனின் அகலமே அரைப் பாகைதான். ஆகவே அமாவாசைச் சந்திரன் பெரும்பாலும் சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிச் சென்றுவிடுகிறது. அமாவாசையன்று சூரியன் ஏதேனும் ஒரு கணுவிலிருந்து ஏறத்தாழ 17 பாகைக்குள் இருந்தால்தான் சூரிய கிரகணம். மாதந்தோறும் அமாவாசை வந்தும் மாதந்தோறும் கிரகணம் வராததற்குக் காரணம் இதுவே.

கணுக்கள் ஓரிடத்தில் நிற்பவையல்ல. சூரியன் நகரும் திசைக்கு எதிர்த் திசையில், அதாவது பின்னோக்கி நகர்ந்து, 18.6 ஆண்டுகளில் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகின்றன. 18.6-ஐ 12 ராசிகளுக்குப் பங்கிட்டுப் பாருங்கள், ஒன்றரை ஆண்டு வரும். 'ராகு கேது பெயர்ச்சி' என்று ஒன்றரை ஆண்டுக்கு ஒரு முறை சுவரொட்டி ஒட்டுகிறார்களே, அது இந்தக் கணு நகர்ச்சிதான்! பெயர்ச்சியைக் கணக்கிட்டது நல்ல வானியல். பலன் சொல்லும் பகுதிக்குப் பௌதிகத்தில் ஆதாரம் இல்லை. கி.பி. 499-ஆம் ஆண்டளவிலேயே ஆரியபட்டர், சூரியனைச் சந்திரன் மறைக்கிறது, சந்திரனைப் பூமியின் நிழல் மறைக்கிறது என்று எழுதிவிட்டார்.

சரி, ராகு இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. விழுங்கும் ஆற்றல் எவ்வளவு? இதற்குச் சுண்டைக்காய் ஒன்று போதும்.

ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள சுண்டைக்காயை நூலில் கட்டி வெயிலில் தொங்கவிடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, காயின் நிழலை ஒரு வெள்ளைத் தாளில் பிடியுங்கள். தாள் காய்க்கு அருகில் இருக்கும்போது நிழல் கறுப்பாக, விளிம்பு தெளிவாக இருக்கும். தாளை மெல்லப் பின்னுக்குக் கொண்டு செல்லச் செல்ல, கறுத்த நடுப்பகுதி சுருங்கும். அதைச் சுற்றி மங்கலான பகுதி விரியும். நடுவில் உள்ள கறுப்பு கருநிழல். சுற்றியுள்ள மங்கல் புறநிழல். ஏறத்தாழ ஒரு மீட்டரைத் தாண்டியதும் கருநிழல் ஒரு புள்ளியாகி மறைந்துபோகும். அதற்கு அப்பால் எங்கே தாளைப் பிடித்தாலும் முழு இருட்டு கிடைக்காது.

ஏன் அப்படி? சூரியன் ஒரு புள்ளி விளக்கல்ல, அகன்ற விளக்கு. அதன் மேல் விளிம்பிலிருந்து வரும் கதிரும் கீழ் விளிம்பிலிருந்து வரும் கதிரும் காயை உரசிச் சென்று, பின்னால் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஆகவே கருநிழல் ஒரு கூம்பு. அதன் நீளம் எவ்வளவு என்பதற்கு எளிய விதி உண்டு. சூரியனின் தொலைவை அதன் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் சராசரியாக 107. எந்த உருண்டையாக இருந்தாலும் அதன் கருநிழல், அதன் விட்டத்தைப் போல அத்தனை மடங்கு நீளம் செல்லும். சுண்டைக்காய்க்கு 107 சென்டிமீட்டர். 3,474 கிலோமீட்டர் விட்டமுள்ள சந்திரனுக்கும் அதே விதிதான். பெருக்கிப் பாருங்கள், 3,72,000 கிலோமீட்டர் அளவில் வரும்.

இந்த நிழல் பூமிக்கு எட்டுமா? பையன் கேட்ட கேள்வி இப்போது இந்த வடிவத்தை அடைந்துவிட்டது. சந்திரனின் பாதை நீள்வட்டம். அண்மைநிலையில் அது 3,56,000 கிலோமீட்டர் வரை நெருங்கி வரும். சேய்மைநிலையில் 4,06,000 கிலோமீட்டர் வரை விலகிச் செல்லும். நெருங்கியிருக்கும்போது கருநிழலின் முனை பூமியைத் தொடும். தொட்ட இடத்தில் இருப்பவர்களுக்கு முழுக் கிரகணம். விலகியிருக்கும்போது முனை நடுவெளியிலேயே முடிந்துவிடும். கீழே இருப்பவர்களுக்குச் சந்திரனைச் சுற்றி வளையல் போலச் சூரியனின் விளிம்பு மிஞ்சும். வளையலுக்கு வடமொழியில் கங்கணம் என்று பெயர். ஆகவே அது கங்கண கிரகணம்.

2010 ஜனவரி 15. அன்று தை அமாவாசை, பொங்கலுக்கு மறுநாள். அன்றைய கங்கண கிரகணத்தின் நடுக்கோடு தனுஷ்கோடியை ஒட்டிச் சென்றது. அப்போது நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. மாணவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு விடியற்காலையிலேயே பேருந்து ஏறிவிட்டேன்.

என் ஆர்வத்திற்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. 1995 அக்டோபர் 24-ஆம் நாள் வட இந்தியாவில் முழுக் கிரகணம் நிகழ்ந்தது. தமிழ்நாட்டில் பகுதி கிரகணம். நான் அப்போது பள்ளி மாணவன். காலையிலேயே கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்து, சாப்பாட்டுப் பாத்திரங்களில் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டு, எங்களை உள்ளறையில் உட்கார வைத்துவிட்டார்கள். வெளியே என்ன நடக்கிறது என்பதையே நான் பார்க்கவில்லை. என் வகுப்புத் தோழன் ஒருவன் வீட்டாருக்குத் தெரியாமல் மொட்டை மாடிக்கு ஏறி, பழைய எக்ஸ்ரே படச்சுருள் வழியாக வெகுநேரம் பார்த்திருக்கிறான். மறுநாள் பள்ளியில், கரும்பலகையின் நடுவில் ஒரு புள்ளி மறைக்கிறது என்றான். அந்தப் புள்ளி அவன் வலக் கண்ணை விட்டு இன்றுவரை போகவில்லை. பயந்து உள்ளே கிடந்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பயமின்றிப் பார்த்தவனுக்குக் கண் போயிற்று. எங்கள் இருவரிடமும் பார்க்கும் முறையைச் சொல்லித் தர யாருமில்லை.

பாம்பன் பாலத்தைக் கடந்து இராமேஸ்வரத்தை அடைந்தபோது அக்கினித் தீர்த்தக் கரையில் மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். தை அமாவாசையும் கிரகணமும் சேர்ந்து வந்தால் கேட்க வேண்டுமா? அங்கிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்டோம். அரிச்சல்முனை வரை இன்று இருக்கும் தார்ச்சாலை 2017-இல்தான் திறக்கப்பட்டது. அந்நாளில் முகுந்தராயர் சத்திரத்திற்கு அப்பால் மணலிலும் கடல்நீரிலும் குலுங்கிச் செல்லும் வேன்தான். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்களுக்கு அருகில் எங்கள் கருவிகளை இறக்கினோம். கருவிகள் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம்: அட்டைப் பெட்டிகள், வெள்ளைத் தாள், ஊசி, வெப்பமானி ஒன்று, சான்று பெற்ற கிரகணக் கண்ணாடிகள் சில.

அன்றைய கணக்கைப் பார்ப்போம். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். பன்னிரண்டு நாட்களே கழிந்திருந்ததால் அன்று சூரியனின் தொலைவு 14 கோடியே 72 லட்சம் கிலோமீட்டர்தான். சூரியனின் விட்டம் 13,92,000 கிலோமீட்டர். வகுத்தால் 105.7. சந்திரனின் விட்டத்தால் பெருக்கினால் கருநிழலின் நீளம் 3,67,000 கிலோமீட்டர். சூரியன் அருகில் வந்தால் நிழல் குறுகும் என்பதைக் கவனியுங்கள். அதே சமயம் சந்திரன் சேய்மைநிலையை எட்ட இரண்டு நாட்களே இருந்தன. தனுஷ்கோடியில் நின்றவரிடமிருந்து அதன் தொலைவு ஏறத்தாழ 4,00,000 கிலோமீட்டர். நிழலும் குட்டை, தூரமும் அதிகம். ஆக, கருநிழலின் முனை எங்கள் தலைக்கு மேல் 33,000 கிலோமீட்டர் உயரத்திலேயே முடிந்துபோயிற்று. இரண்டரைப் பூமிகளை அடுக்கினால் நிரம்பக்கூடிய இடைவெளி அது. சுண்டைக்காய்க் கணக்கில் சொன்னால், நிழல் 106 சென்டிமீட்டர். கண் இருப்பதோ 115 சென்டிமீட்டரில்.

பகல் 11 மணியைத் தாண்டியதும் முதற்கடி விழுந்தது. சந்திரன் மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்தது. பகல் 1.20 மணியை ஒட்டி, கொம்புகள் இரண்டும் நீண்டு வந்து ஒன்றையொன்று தொட்டன, வளையம் மூடிக்கொண்டது. மாணவர்கள் கூச்சலிட்டார்கள். நானும்தான்.

இருள் சூழும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்தார்கள். சந்திரனின் தோற்ற விட்டம் அன்று சூரியனுடையதில் 0.919 பங்கு. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததல்லவா? 0.919-ஐ அதனாலேயே பெருக்கினால் 0.84. அதாவது நூற்றில் 84 பங்கு மறைந்தது, 16 பங்கு மிஞ்சியது. நூறு விளக்குகளில் 84-ஐ அணைத்தால் அறை இருண்டுவிடும் என்று தோன்றும். ஆனால் நம் கண் ஒளியைக் கூட்டல் கணக்கில் அளப்பதில்லை, பெருக்கல் கணக்கில் அளக்கிறது. கண்பாவையும் விரிந்து ஈடு கொடுக்கிறது. ஆகவே மெல்லிய மேகம் மூடியது போன்ற, ஆனால் மேகமில்லாத, ஒருவித வெள்ளி வெளிச்சம் பரவியது. நிழல்களின் ஓரங்கள் வழக்கத்திற்கு மாறாகத் தோன்றின. மணலின் சூடு மட்டும் நன்றாகத் தணிந்துவிட்டது. வெறுங்காலோடு நிற்க முடிந்தது.

வளையம் எங்களுக்குப் பத்து நிமிடம் நீடித்தது. முழுக் கிரகணம் எதுவும் எட்டு நிமிடத்தைத் தொடுவதில்லை. அப்படியிருக்க இது எப்படி? கருநிழலின் முனைக்கு அப்பால் கதிர்கள் மீண்டும் விரிகின்றன. 33,000 கிலோமீட்டர் விரிந்த பின் அந்த எதிர்நிழலின் அகலம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். (வடிவொத்த முக்கோணங்கள் படித்த மாணவர்கள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கலாம்.) சந்திரன் மேற்கிலிருந்து கிழக்காக நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது, நிழலும் அப்படியே. ஆனால் நம் தரையும் சும்மா இருக்கவில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் அது அதே திசையில் நொடிக்கு 0.46 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. ஓடும் ரயிலோடு சேர்ந்து ஓடுபவனை ரயில் தாண்டிச் செல்ல நேரம் பிடிக்கும் அல்லவா? அது போலத்தான். நொடிக்கு அரைக் கிலோமீட்டர் சொச்ச வேகத்தில் 300 கிலோமீட்டர் சொச்சம் கடக்க, பத்து நிமிடம். இந்தியப் பெருங்கடலில் ஓரிடத்தில் இதே வளையம் 11 நிமிடம் 8 நொடி நின்றது. அதைவிட நீண்ட கங்கண கிரகணம் கி.பி. 3043 டிசம்பர் வரை கிடையாது. அன்று தும்பாவிலிருந்து இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ஆய்வு ராக்கெட்டுகளை ஏவி, வெயில் திடீரெனக் குறையும்போது மேல்வளிமண்டலம் என்ன ஆகிறது என்று அளந்தது. இராமேஸ்வரத்துப் பிள்ளையான அப்துல் கலாம் தம் இளமையில் வேலை பார்த்த அதே தும்பாதான்.

பத்து நிமிடத்தில் பாதி கழிந்திருக்கும். பக்கத்துக் குடிசையிலிருந்து ஓர் ஆச்சி, "வாத்தியாரே, இங்க வந்து பாருங்க, வீடெல்லாம் வளவியாக் கிடக்கு" என்று குரல் கொடுத்தார். குனிந்து உள்ளே போனேன். பனையோலைக் கூரையின் பொத்தல்கள் வழியாக விழுந்த வெளிச்சம் மணல் தரையில் வளையம் வளையமாகக் கிடந்தது. பாய் மீது, சுருட்டி வைத்த வலை மீது, தண்ணீர்க் குடத்தின் மீது, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் வயிற்றின் மீது, எங்கும் ஒளி வளையல்கள்! ஐம்பதுக்குக் குறையாது. பொத்தல்களோ கோணல்மாணலானவை, ஒன்றுகூட வட்டமில்லை. ஆனால் தரையில் விழுந்தவை அத்தனையும் வட்ட வளையங்கள்.

சிறு துளை ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பத்தைத் தரையில் வரைகிறது. துளை போதிய அளவு சிறியதாக இருந்தால் அதன் வடிவத்திற்கு மதிப்பில்லை. பிம்பத்தின் விட்டம், துளைக்கும் தரைக்கும் உள்ள தொலைவில் 106-இல் ஒரு பங்கு. அதே 106! கதிர் வந்த வழியே கூரையிலிருந்து தரைக்கு இரண்டு மீட்டர் இருந்தால் வளையத்தின் விட்டம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அடிக்கோலால் அளந்தேன், அப்படியே இருந்தது. மரத்தடியில் தினமும் விழும் ஒளிவட்டங்களும் சூரியனின் பிம்பங்களே. வட்டமாகவே இருப்பதால் நாம் கவனிப்பதில்லை. கிரகணத்தன்று வடிவம் மாறியதும் பிடிபட்டுவிடுகின்றன. நாங்கள் சுமந்து வந்த அட்டைப் பெட்டி ஊசித்துளைக் கருவிகளைவிட ஆச்சியின் கூரை நன்றாக வேலை செய்தது. அதைச் சொன்னபோது அவர், "கூரை மாத்தக் காசில்லாததுக்கு இது ஒரு லாபமா?" என்று சிரித்தார்.

கிரகணத்தைப் பார்க்கச் சிறந்த வழி இதுவே: சூரியனுக்கு முதுகைக் காட்டி, தரையைப் பார்ப்பது. நேராகப் பார்ப்பதில் உள்ள ஆபத்தைச் சற்று விளக்க வேண்டும். கிரகணத்தின்போது சூரியனிடமிருந்து புதிய நச்சுக்கதிர் எதுவும் புறப்படுவதில்லை. சாதாரண நாளில் கூச்சத்தால் நாம் உடனே கண்ணை மூடிவிடுகிறோம். கிரகணத்தன்று பார்த்தே ஆக வேண்டும் என்று முறைக்கிறோம். மிஞ்சிய விளிம்பு சிறிதானாலும், அதன் ஒவ்வொரு துணுக்கும் முழுச் சூரியனின் துணுக்கைப் போன்றே பிரகாசமானது. கண்ணின் லென்சு அதை விழித்திரையில் குவிக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. ஆகவே தீங்கு நேரும்போது ஒரு சுருக்கென்ற எச்சரிக்கைகூட வராது. என் தோழன் வெகுநேரம் பார்த்தது அதனால்தான்.

நல்ல கிரகணக் கண்ணாடி, விழும் ஒளியில் லட்சத்தில் மூன்று பங்கு அளவுக்கு மேல் உள்ளே விடாது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரையும் தடுக்கும். புகை படிந்த கண்ணாடி, எக்ஸ்ரே படம், குளிர்கண்ணாடி இவற்றை நம்பக்கூடாது. கூச்சம் மட்டும் குறைந்து, அகச்சிவப்பு தாராளமாக உள்ளே போகும். தாம்பாளத்து நீரில் பார்ப்பது பழைய வழக்கம். நீர்ப்பரப்பு நூற்றில் இரண்டு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. லட்சத்திற்குக் கணக்கிட்டால் இரண்டாயிரம். மூன்று எங்கே, இரண்டாயிரம் எங்கே!

தாம்பாளம் என்றதும் உலக்கை நினைவுக்கு வருகிறது. அன்று மாலை வீடு திரும்பியபோது முற்றத்தில் தாம்பாளத்தின் நடுவே உலக்கை நட்டமாக நின்றுகொண்டிருந்தது. "கிரகணம் பிடிச்சப்ப நிறுத்தினேன், அசையாம நிக்குது பார். உன் சயன்சு இதுக்கு என்ன சொல்லுது?" என்றார் என் தாயார். கிரகணம் விட்டு மூன்று மணி நேரத்திற்கு மேல் ஆகியிருந்தது. அப்போதும் அது நின்றுகொண்டிருந்ததே விடை என்று சொல்லியிருக்கலாம். தாயாரிடம் அப்படிப் பேசினால் இரவுச் சாப்பாடு சுவைக்காது. ஆகவே பொறுத்திருந்து, மறுவாரம் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அவரையே நிறுத்தச் சொன்னேன். இரண்டாவது முயற்சியில் நின்றுவிட்டது.

உலக்கையின் அடியில் இரும்புப் பூண் மட்டமாக இருக்கிறது. ஐந்தடி உலக்கையின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் என்று கொள்வோம். அடியின் ஆரம் 3 சென்டிமீட்டர். இரண்டு பாகை வரை சாய்ந்தாலும் ஈர்ப்பு மையம் அடிப்பரப்பை விட்டு வெளியே போகாது, அதுவரை விழாது. எந்த நாளிலும் நிற்கும். பொறுமைதான் வேண்டும்; கிரகணத்தன்று மட்டும் நமக்கு அந்தப் பொறுமை வந்துவிடுகிறது.

"சூரியனும் சந்திரனும் ஒரே பக்கம் இழுக்கின்றனவே, அதனால் நிற்காதா?" என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டின் ஏற்றவற்ற விசைகளும் சேர்ந்தாலும், பூமியின் ஈர்ப்பில் கோடியில் இரண்டு பங்குகூட வராது. மூன்று கிலோ உலக்கையில் அது அரை மில்லிகிராம். உலக்கை மேல் உட்காரும் கொசு அதைவிடக் கனம். அது மட்டுமல்ல. அந்த இழுப்பு எல்லா அமாவாசையிலும் ஏறத்தாழ அதே அளவுதான். கிரகணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் கூடுதலாக இருக்கும். பாம்பன் மீனவர் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

பையனின் கேள்விக்கு வருவோம். "முழுசாவும் முழுங்கும், மிச்சமும் வைக்கும். நிழல் எட்டுதா இல்லையாங்கிறதுதான் கணக்கு" என்றேன். "எப்பவும் இப்படியேதானா?" என்றான். இல்லை. 1969-இல் தொடங்கி அப்பல்லோ விண்வெளி வீரர்கள் சந்திரத் தரையில் வைத்து வந்த கண்ணாடிகளை நோக்கி லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு சந்திரனின் தொலைவை அளந்து வருகிறார்கள். அது ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது. நம் நகம் வளரும் வேகம்தான். ஆயினும் இன்னும் சுமார் அறுபது கோடி ஆண்டுகளில், அண்மைநிலையில்கூடக் கருநிழல் பூமிக்கு எட்டாமல் போய்விடும். அதன் பிறகு கங்கண கிரகணம் மட்டுமே. "அப்போ லூனாலாவுக்குப் பசி ஆறாது" என்று சொல்லிவிட்டுக் கருவியை அணைத்து வைத்தான்.

அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. 2031 மே 21-ஆம் நாள் இன்னொரு கங்கண கிரகணம் கேரளத்தின் தென்பகுதி, தமிழ்நாட்டின் தென் மாவட்டங்கள், இலங்கையின் வடபகுதி வழியாகச் செல்லவிருக்கிறது. உங்கள் ஊர் அந்தப் பட்டைக்குள் விழுகிறதா என்று வரைபடத்தில் இப்போதே பார்த்து வையுங்கள். அன்று சூரியனின் தொலைவு 15 கோடியே 14 லட்சம் கிலோமீட்டர். தரையில் நிற்பவரிடமிருந்து சந்திரனின் தொலைவு ஏறத்தாழ 3,94,000 கிலோமீட்டர். கருநிழலின் முனை இம்முறை எத்தனை கிலோமீட்டர் எட்டாமல் நிற்கும்? சூரியனில் நூற்றுக்கு எத்தனை பங்கு மிஞ்சும்? சுண்டைக்காய் விதியைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்.